நங்கூரமும் நாலு சுற்றுக் கம்பியும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அது ஒழுங்காகவே அச்சாகியிருந்தது. ஆனால் துறைமுகத்து வாசலில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "நங்கூரம் இருக்காரா?" என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்துவார்கள்.

பத்தொன்பது வயதில் அவர் தண்ணீர்க் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். தண்ணீர்க் கப்பல் என்றதும் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நடுத் துறைமுகத்தில் நிற்கிற பெரிய கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய் ஏற்றுகிற, வயிறு பெருத்த, வேகமே இல்லாத ஒரு சின்னக் கப்பல். சேர்ந்த மூன்றாம் நாள் கேப்டன் அவரை முன்தளத்தில் நிறுத்தி, "சங்கிலியைப் பாத்துக்கிட்டே இரு, நகராதே" என்று சொல்லிவிட்டுப் போனார். மழை பிடித்துக்கொண்டது. சமையல்காரர் தலையை நீட்டி, "உள்ள வந்து சாப்பிடுப்பா" என்றார். இவர் அசையவில்லை. இன்னொருவர் வந்து, "கேப்டனே வரச் சொன்னாரு" என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. தன்னைச் சோதித்துப் பார்க்கிறார்கள், நகர்ந்தால் வேலை போய்விடும் என்று மனதுக்குள் அடித்துச் சொல்லிக்கொண்டு ஐந்து மணி நேரம் மழையில் நின்றார். கேப்டன் அவரை மறந்தே போயிருந்தார். சாயங்காலம் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, "கீழ ஒரு நங்கூரம் கிடக்கு, மேல ஒரு நங்கூரம் நிக்குதே!" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

குணமும் அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும். பால் பாக்கெட்டை மோந்து பார்க்காமல் வாங்க மாட்டார். அடுத்தவன் போட்ட முடிச்சை அவிழ்த்துத் தானே மறுபடி போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், இருக்கையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நின்றுகொண்டே வருவார். தன் நிழலையே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிற ஆள். கப்பல் வேலைக்கு இது நல்ல குணம்தான் என்று முதலாளிகள் நினைத்தார்கள். முப்பது வயதுக்குள் அவரைப் போசன் ஆக்கிவிட்டார்கள்; தளத்தில் கயிறு, சங்கிலி, நங்கூரம் எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர். இப்போது ஐம்பத்தைந்து. இருபத்தாறு வருடமாக அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை.

வினையே அந்தப் பெயரில்தான் இருந்தது. நங்கூரம் என்கிற சொல் சும்மா கிடக்கிற சொல்லா? கப்பலில் அது ஒரு நாளைக்கு நாற்பது தடவை வாயில் வரும். "நங்கூரம் கடிச்சிருச்சு" என்றால் கீழே தரையைப் பிடித்து நின்றுவிட்டது, எல்லோரும் டீ குடிக்கலாம். "நங்கூரம் உழுது" என்றால் பிடி விட்டுப்போய்த் தரையைக் கிழித்துக்கொண்டு வருகிறது, டீயைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். "நங்கூரம் சுத்திக்கிச்சு" என்றால் தன் சங்கிலியையே கழுத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. இதில் எதையாவது யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், இவர் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். கீழே கிடக்கிற நங்கூரத்தைச் சொன்னானா, என்னைச் சொன்னானா?

வீட்டுக்கு வந்தாலும் விட்டதா? அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் மனைவி துடைப்பத்தோடு வந்து, "நங்கூரத்தைத் தூக்குங்க, பெருக்கணும்" என்பாள். விருந்தாளி இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டால் பக்கத்து வீட்டில், "நங்கூரம் போட்டுட்டாங்களா?" என்று கேட்பார்கள். சுவரில் அலமாரி மாட்ட வந்த கொத்தனார், "ஆங்கர் போட்டாதான் சார் தாங்கும்" என்று நான்கு போல்ட்டை எடுத்துக் காட்டினார். டிவியைப் போட்டால் அதிலும் ஒரு ஆங்கர். "ஆங்கராம் ஆங்கர்! ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்கிறாளா பாரு" என்று இவர் முணுமுணுப்பார். மாடி வீட்டுப் பெண் கழுத்தில் குட்டி நங்கூரம் ஒன்று தொங்கியது. அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "குறுக்குத் தண்டு இல்லையேம்மா, இது எந்தத் தரையையும் கடிக்காதே" என்றார். "இது டிசைன் மாமா" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். எதற்குச் சிரித்தாள் என்று சாப்பாட்டு வேளை வரைக்கும் யோசித்தார்.

யார் எப்படிச் சொன்னாலும் ஒரு வழியாக அர்த்தம் பிடிபட்டுவிடும். பிடிபடாதது மச்சான் சொல்வதுதான். மனைவியின் தம்பி, அதே கப்பலில் நங்கூரச் சங்கிலியை இறக்கி ஏற்றுகிற வின்ச் எந்திரத்தை ஓட்டுகிறவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவனைச் சேர்த்துவிட்டதே இவர்தான். ஒருநாள் புதிதாக வந்த எஞ்சின்காரரிடம் அறிமுகப்படுத்தும்போது, "எங்க குடும்பத்துக்கே அத்தான்தான் சார் நங்கூரம்" என்றான். அந்த ஆள் மரியாதையாகத் தலையாட்டினார். நங்கூரத்துக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குடும்பத்தைத் தாங்குகிறேன் என்கிறானா, குடும்பத்தை நகரவிடாமல் பிடித்துவைத்திருக்கிறேன் என்கிறானா? மூன்று நாள் அதையே உருட்டிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் மனைவியிடம் கேட்டார்.

"பாராட்டினா பாராட்டுன்னு எடுத்துக்க மாட்டீங்களா?" என்றாள் அவள்.

"பாராட்டறவன் மூஞ்சியைப் பாக்காம பேசுவானா?"

"உங்க மூஞ்சியைப் பாத்துப் பாராட்ட யாருக்கு தைரியம் வரும்?"

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். தண்ணீர் ஏற்ற முறை வரும்வரை கப்பல் நடுத் துறைமுகத்தில் காத்துக்கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கேப்டன் மேலேயிருந்து, "போசன், காத்து பலமா வரும் போல. நாலு விடு" என்று கத்தினார்.

நாலு என்றால் நாலு நீளம். நங்கூரச் சங்கிலி ஒரே சங்கிலி அல்ல; இருபத்தேழரை மீட்டருக்கு ஒரு துண்டாக இணைத்தது. ஒரு துண்டை இவர்கள் ஒரு நீளம் என்பார்கள். எத்தனை நீளம் தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று தெரிய வேண்டாமா? அதற்காக முதல் இணைப்பை ஒட்டிய கண்ணியின், அதாவது சங்கிலி வளையத்தின், நடுத்தண்டில் ஒரு சுற்றுக் கம்பி, இரண்டாவது இணைப்பில் இரண்டு சுற்று, மூன்றாவதில் மூன்று என்று இறுக்கிக் கட்டியிருப்பார்கள். வெள்ளைப் பெயிண்ட்டும் அடிப்பதுண்டு. ஆனால் பெயிண்ட் சேற்றில் உரசித் தேய்ந்துபோகும், கம்பி தேயாது. இருட்டானாலும் மழையானாலும் கையால் தடவி எண்ணிக்கொள்ளலாம்.

மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. மச்சான் வின்ச்சின் பிரேக்கைத் தளர்த்தினான். சங்கிலி கடகடவென்று ஓடியது. வேகத்தில் இணைப்புகள் கண்ணில் படவில்லை. முகத்தில் தண்ணீர் வழிய, நங்கூரம் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, குனிந்து கண்ணியைத் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு சுற்று. "நாலு!" என்று கத்தினார். பிரேக் இறுகியது. துறைமுகத்தில் சாதாரண நாளில் இரண்டு நீளத்துக்கு மேல் விடுவதே இல்லை. நாலு போனால் மலையே வந்தாலும் நிற்கும். கேப்டன் நிம்மதியாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "உழுது! உழுது!" என்று மச்சான்தான் முதலில் கத்தினான். எஞ்சின் உறுமி எழுவதற்குள் கப்பல் பின்னாலேயே போய்ப் பயணிகள் படகுத்துறையில் மோதிவிட்டது. மரப்படிகள் நொறுங்கின. டிக்கெட் கொடுக்கிற அம்மா பெட்டியை அணைத்துக்கொண்டு குதித்து ஓடியதால் பிழைத்தாள். நல்லவேளை, படிகளில் வேறு யாரும் இல்லை. இரண்டு நிமிடம் முன்னால் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் சங்கிலியைக் கரைக்கு இறக்கிச் சங்கிலி முற்றத்தில் நீட்டிப் போட்டு, துறைமுக அலுவலகத்துக்காரர்கள் டேப் வைத்து அளந்தார்கள். விஷயம் வெளியே வந்தது. நாலு சுற்றுக் கம்பி இருந்த இடம் நாலாவது நீளம் அல்ல, மூன்றாவது நீளம். ஒரு முழு நீளம் குறைவாக விட்டிருக்கிறார்கள். பதிவேட்டைப் புரட்டினார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், நங்கூரத்தை ஒட்டிய முதல் நீளம் தேய்ந்துவிட்டது என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். அப்போது மற்ற எல்லாக் குறிகளையும் ஒவ்வொன்று குறைத்துக் கட்டியிருக்க வேண்டும். "குறி மாற்றியவர்: போசன்" என்று எழுதியிருந்தது. கீழே இவருடைய கையெழுத்து.

"நான் சரியாத்தான் மாத்தினேன்" என்றார் நங்கூரம். சத்தியமாக அப்படித்தான் நம்பினார். தான் செய்த வேலை தப்பாகாது என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அப்படியானால் யாரோ பின்னால் கைவைத்திருக்கிறார்கள். யார்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு எல்லாப் பேய்க்கும் ஒரே முகம்தான் இருந்தது. விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் மச்சான் கம்பிச் சுருளும் குறடுமாகச் சங்கிலி அறைப் பக்கம் நின்றானே, எதற்கு? போன மாதம், "அத்தான், உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு?" என்று கேட்டானே, எதற்கு? தான் உள்ளே வந்ததும் மனைவி போனைத் தாழ்த்திக்கொண்டு, "அப்புறம் பேசறேன் தம்பி" என்று வைத்தாளே, அது எதற்கு? போசன் நாற்காலிக்கு அடுத்த ஆள் யார்? அவன்தானே! வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று இவர் முடிவே கட்டிவிட்டார்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தார். "வின்ச் ஓட்டுநர் கம்பியும் குறடுமாகச் சங்கிலி அறையருகே நின்றதைக் கண்டேன். குறிகளை மாற்றியது அவர்தான் என்று சந்தேகிக்கிறேன்." திங்கட்கிழமை விசாரணை, அதுவரை மச்சான் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் உறுதியானால் வேலை மட்டும் போகாது, அவனுடைய கடல் தொழில் சான்றிதழையும் ரத்து செய்வார்கள். அப்புறம் எந்தப் படகிலும் அவனைக் கால் வைக்க விட மாட்டார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிறவன்.

அன்று சாயங்காலம் மச்சான் இவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றான். கத்துவான், சண்டை போடுவான் என்று இவர் எதிர்பார்த்தார். அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"அத்தான், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"எதுவா இருந்தாலும் திங்கக்கிழமை அங்க சொல்லு."

"அங்க சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

மிரட்டுகிறான் என்று பட்டது இவருக்கு. முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார். திரும்பினால் மனைவி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

"அவன் என் தம்பிங்க."

"தம்பிதான். ரெண்டு பேரும் போன்ல குசுகுசுன்னு என்ன பேசினீங்க? அதைச் சொல்லு முதல்ல."

"உங்க கண்ணைப் பத்திப் பேசினோம், போதுமா? பேப்பரை இவ்ளோ தூரத்துல வெச்சுப் படிக்கிறீங்க. டாக்டர்கிட்ட போலாம்னு உங்ககிட்ட சொன்னா, என்னைக் கிழவன்கிறியான்னு கேப்பீங்க. அதான் அவனை விட்டுச் சொல்லச் சொன்னேன். எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்குன்னு அவன் கேட்டதும் அதுக்குத்தான். கண்ணு டெஸ்ட்ல தேறலைன்னா என்ன பண்ணுவாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்!"

"நல்லா சோடிச்சு வெச்சிருக்கீங்க."

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள். அடுத்த மூன்று நாள் சாப்பாடு மேசைமேல் மூடி இருந்தது; பேச்சுதான் இல்லை. அவர் நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தும் எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லை. அதுவும் ஏதோ திட்டம் என்றே முதலில் தோன்றியது. சனிக்கிழமை வாக்கில்தான் அது வெறும் கோபம் என்று புரிந்தது.

இருந்தாலும் விட மனசில்லை. அத்தாட்சி வேண்டும். அவர் கணக்கு எளிமையானது: மச்சான் கம்பியை மாற்றியிருந்தால் அந்தக் கம்பி புதுசாக இருக்கும். ஒன்றரை வருடம் சேற்றுக்குள்ளும் உப்புத் தண்ணீரிலும் கிடந்த கம்பிக்கும் ஒரு வாரக் கம்பிக்கும் வித்தியாசம் தெரியாதவரா இவர்? அளந்தவர்கள் டேப்பைத்தான் பார்த்தார்கள், கம்பியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்த கண் தன்னுடையது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வெயிலில் குறடைப் பையில் போட்டுக்கொண்டு சங்கிலி முற்றத்துக்குப் போனார்.

விடுமுறை. முற்றத்தில் ஈ காக்கை இல்லை. தார்ப்பாயை விலக்கினார். சங்கிலி ஐந்து வரிசையாக மடிந்து கிடந்தது, ஒவ்வொரு கண்ணியும் அவர் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு மடங்கு. நங்கூரப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் இணைப்பு: ஒரு சுற்று, துத்தநாகம் பூசிய கம்பி, மங்கியிருந்தாலும் நரைத்த வெள்ளை. தன் கையால் கட்டியது, முறுக்கின முனையை உள்ளே மடக்குகிற விதத்திலேயே தெரிந்தது. இரண்டாவது இணைப்பு: இரண்டு சுற்று, அதே கம்பி, அதே மடக்கு. சபாஷ் என்று சொல்லிக்கொண்டார். மூன்றாவது இணைப்புக்கு வந்து மண்டியிட்டார்.

நாலு சுற்று. கம்பி புதுசாக இல்லை. பழசு. அவர் எதிர்பார்த்ததைவிடப் பழசு. முதல் இரண்டு கம்பியைப் போல நரைத்த வெள்ளையாகக்கூட இல்லை, துருவேறிக் கறுத்துக் கண்ணியோடு கண்ணியாக ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினார். அசையவில்லை. ஐந்தாறு வருடத்துத் துரு. நாலாவது இணைப்புக்கு ஓடினார். அங்கே ஐந்து சுற்று, அதே கறுப்புத் துரு.

அந்தக் கம்பிகளை யாரும் தொடவில்லை. மச்சான் தொடவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தானும் தொடவில்லை.

சங்கிலிமேலேயே உட்கார்ந்துவிட்டார். வெயிலில் இரும்பு சுட்டது, உறைக்கவில்லை. அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. இதே முற்றம். மச்சான் குறடோடு வந்து, "நீங்க அந்த ரெண்டைப் போடுங்க அத்தான், நான் இந்த ரெண்டைப் போட்டுடறேன்" என்றான். "நீ தொடாதே. உன் கட்டு நாளைக்கே அவிழும். நாலையும் நானே போட்டுக்கிறேன்" என்று விரட்டினார். இரண்டு போட்டதும் சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பிட்டுவிட்டு வந்தால் கிரேன் வந்துவிட்டது, சங்கிலியைக் கப்பலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு இணைப்பையும் போட்டதாகவே மனம் எழுதிக்கொண்டது. பதிவேட்டில் கையும் எழுதிவிட்டது. அப்புறம் ஒன்றரை வருடம் இரண்டுக்கு மேல் சங்கிலி விட வேண்டிய தேவையே வரவில்லை.

பையில் குறடு கனத்தது. முற்றத்து மூலையிலேயே புதுக்கம்பிச் சுருள் தொங்கியது. பழைய கம்பியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசாக நாலு சுற்று சுற்றிவிட்டால் ஐந்து நிமிட வேலை. நாளைக்கு அதிகாரிகளைக் கூட்டிவந்து, "பாருங்க சார், புதுக் கம்பி" என்றால் முடிந்தது. நாற்காலி நிற்கும். இருபத்தாறு வருடப் பெயர் நிற்கும். அவன்? சின்னவன்தானே, கரையில் ஏதாவது பிழைத்துக்கொள்வான்.

குறடை எடுத்தார். வாயை விரித்துத் துருக் கம்பியின்மேல் வைத்தார். இத்தனை வருடமும் உலகத்தில் யார் எங்கே எப்படி ஏமாற்றுவார்கள் என்று ஒவ்வொருவர் முகமாகத் தேடியவர் இல்லையா அவர்? இதோ, பட்டப்பகலில், குறடும் கையுமாக, தேடிக்கொண்டிருந்த ஆள் அகப்பட்டுவிட்டான். அவருக்கு அழுகை வந்தது. கம்பியை வெட்டாமலே குறடைப் பையில் போட்டார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, வீட்டுக்கு நடந்தே போனார்.

திங்கட்கிழமை காலை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். ஓரத்தில் தட்டச்சுக்காரர். மச்சான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து தன் சான்றிதழ் புத்தகத்தை மடியில் வைத்திருந்தான். இவரைப் பார்க்கவில்லை.

"போசன், நீங்க எழுதிக் குடுத்ததுல ஏதாவது சேர்க்கணுமா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"அது தப்பு சார்" என்றார் நங்கூரம். "குறியை யாரும் மாத்தலை. மாத்த வேண்டிய நான் மாத்தலை. மூணாவது, நாலாவது இணைப்புல பழைய கம்பி அப்படியே இருக்கு. போய்ப் பாத்துக்கலாம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்க குடுத்த புகார் பொய்யா?"

"தெரிஞ்சு எழுதலை சார். ஆனா பொய்தான்."

"இவரு கம்பியோட நின்னதைப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்களே?"

மச்சான்தான் முதல்முறையாக வாயைத் திறந்தான். "தண்ணிக் குழாயோட கழுத்து கழண்டுபோச்சு சார். அதைக் கட்டினேன். இப்பவும் அந்தக் கம்பி அங்கதான் இருக்கு."

ஐந்து நாளில் தான் ஒரு தடவைகூட அந்தக் குழாயைப் போய்ப் பார்க்கவில்லை என்பது நங்கூரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கிலி அறையிலிருந்து பத்து அடி தள்ளித்தான் கிடந்தது அது.

முடிவு அன்றைக்கே எழுதப்பட்டது. இவரைப் போசன் பதவியிலிருந்து இறக்கிக் கரையில் சங்கிலி முற்றத்து வேலைக்கு மாற்றினார்கள். அனுபவத்தைப் பார்த்து வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். மச்சான் மறுநாள் முதல் வேலைக்கு வரலாம். போசன் வேலையைத் தற்காலிகமாக அவனே பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் அவன் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். இவர் பின்னாலேயே போய், "வீட்டுக்கு வா" என்றார். அவன் திரும்பி அவர்கூட நடந்தான்.

மனைவி கதவைத் திறந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"நான்தான் தப்பு பண்ணேன்" என்றார் அவர். "இவன் இல்லை." அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான் உட்காரவில்லை. வாசல்படிக்கு உள்ளே ஓர் அடி வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார் நங்கூரம்.

"எது?"

"ரெண்டுதான் போட்டேன்னு."

"அன்னைக்கே தெரியும் அத்தான். சங்கிலி கப்பல்ல ஏறினப்பவே வந்து கேட்டேன், மூணும் நாலும் போட்டாச்சான்னு. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

"'என்னையே சோதிக்க வந்துட்டியா? இந்த வேலைக்கு உன்னைச் சேர்த்துவிட்டதே நான்'னு கத்தினீங்க. சமையல்காரர், எஞ்சின்காரர் எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. சரி, அவரே அப்புறம் பாத்துப்பாருன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் நான் உங்ககிட்ட எதுவுமே கேக்கலை. கேக்காதது என் தப்பு. அன்னைக்கு மழையில நீங்க நாலுன்னு கத்தினப்ப எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அப்பவும் கேக்கலை. அந்தப் படிக்கட்டுல பிள்ளைங்க நின்னிருந்தா, அத்தான்?"

"வியாழக்கிழமை இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"ஆமா."

"அங்க அவங்க முன்னாடி ஏன் சொல்லலை? நான் பேசறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே. உன் வேலை போற இடத்துல..."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா சொல்லியிருப்பேன். எனக்கும் பிள்ளைங்க இருக்கு. ஆனா அதுக்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டேன்."

மனைவி எழுந்து, "சாப்பிட்டுட்டுப் போடா" என்றாள். "இன்னொரு நாள் அக்கா" என்று அவன் செருப்பில் காலை நுழைத்தான். நங்கூரம் அவன் தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு அந்தச் சங்கிலிக்குக் குறி போடணும்" என்றார். "முற்றத்து வேலை, நான்தான் போடணும். போட்டு முடிச்சதும் நீ வந்து எண்ணிப் பாரு."

"பாப்பேன் அத்தான். நாலையும் தொட்டு எண்ணுவேன். இனிமே நீங்க கோவிச்சாலும் கத்தினாலும், உங்க வேலையை எண்ணாம கப்பல்ல ஏத்த மாட்டேன்."

இருபத்தாறு வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. காது மடல் சூடாகியது. பழைய நங்கூரமாக இருந்திருந்தால் இந்நேரம் கதவு அதிர்ந்திருக்கும்.

"எண்ணு" என்றார். "ரெண்டு தடவை எண்ணு."

மச்சான் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான். தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, பேப்பரை எடுத்துக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்து வைத்துவிட்டு, கண் டாக்டர் எந்தக் கிழமையில் வருவார் என்று மனைவியிடம் கேட்டார்.